ஓரத்துக்கு உள்ளே ஒரு கோடு

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றேகால். இரண்டு மணிக்கு அத்தையைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்குள் கண்ணை மூடினால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயம். குட்டி மடியில் கிடக்கிறாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அவள் காலை உதைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போன தடவை போனில் பேசியதே போதும் அண்ணி. பதினோரு நாளாகிறது. நீங்கள் சொன்னதில் ஒரே ஒரு வாக்கியம், பாத்திரம் கழுவும்போதும் துணி பிழியும்போதும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. "படுக்கைப் புண் தானா வர்றதில்ல. பார்த்துக்கறவங்க கவனிச்சா வராது." வேறு யாராவது சொல்லியிருந்தால் சரிதான் போங்க என்று போனை வைத்திருப்பேன். நீங்கள் அந்த வேலையிலேயே இருப்பவர். எந்தக் கட்டுப் போட்டால் எந்தப் புண் ஆறுகிறது என்று கணக்கெடுப்பதுதான் உங்கள் ஆபீஸ். உங்களிடம் நான் என்ன பேச முடியும்?

சண்டைக்காக எழுதவில்லை. நேற்று அத்தையை டாக்டரிடம் கொண்டுபோனேன். வால் எலும்புக்கு மேலே இருக்கிற புண்ணைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் கை கழுவினார். ஏப்ரல் பதினைந்துக்குள் அது சின்னதாக ஆரம்பிக்க வேண்டுமாம். இல்லையென்றால் ஆபரேஷன் செய்து சதையை இழுத்து மூட வேண்டும். அத்தையின் இதயம் அதைத் தாங்குமா என்று கேட்டேன். "அதான் யோசிக்கிறேன்" என்றார். தாங்காது என்றால் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நீண்டநாள் வார்டில் சேர்த்துவிடலாமாம். அந்த வார்டை எட்டிப் பார்த்தேன். முப்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ்.

அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. படிக்கட்டில் விழுந்து இந்த இரண்டு வருஷமாக இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாததால் புண் இருப்பதே அவருக்குச் செய்தியாகத்தான் தெரியும். "வலிக்கலையே, பின்ன என்ன?" என்கிறார். உங்கள் தம்பிக்கும் சொல்லவில்லை. கப்பலின் இன்ஜின் அறையில் நின்றுகொண்டு அவர் என்ன செய்வார்? அக்காவைக் கேள் என்பார். கேட்டுவிட்டேன்.

இங்கே எல்லோரும் டாக்டர்தான். மருந்துக்கடைக்காரர் ஸ்பிரே அடிக்கச் சொல்கிறார். எதிர்வீட்டுக்காரர் தேன் தடவச் சொல்கிறார். அவர் மாமனாருக்குத் தேனில்தான் ஆறியதாம். மாமனார் இப்போது எப்படி இருக்கிறார் என்றேன். போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனால் புண் ஆறித்தான் போனார் என்றார். மாடி வீட்டுத் தையல்காரம்மா நடுவில் ஓட்டை வைத்து ஒரு வளையத் தலையணை தைத்துக் கொடுத்திருக்கிறார். புண்ணைச் சுற்றி எண்ணெய் தேய்த்து அழுத்திவிடவும் செய்கிறேன். ஒரு வாரம் தேன், ஒரு வாரம் பவுடர், சில நாள் இரண்டும்.

போட்டோ எடுத்தால் கிட்டத்தில் பெரிதாகவும் தள்ளி நின்றால் சின்னதாகவும் தெரிகிறது. அதனால் ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறையைக் கழுவி, புண்ணின் மேல் வைத்துச் சுற்றளவை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். எதைப் போட்டால் ஆறும் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


மார்ச் 8

கடிதம் வந்தது. ரொட்டி உறையும் வந்தது. அம்மா எந்தப் பக்கம் ஒருக்களித்திருந்தபோது வரைந்தாய் என்று எழுதவில்லை. இடது பக்கம் படுத்தால் தோல் ஒரு மாதிரி இழுபடும், வலது பக்கம் வேறு மாதிரி. ஒரே புண் இரண்டு அளவு காட்டும். அதனால் இது கணக்கில் சேராது.

இன்றைக்கே செய்ய வேண்டியவை. வளையத் தலையணையை எடுத்துவிடு. அது சுற்றியுள்ள இடத்தில் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். தைத்தவரிடம் என் நன்றியைச் சொல், ஆனால் எடுத்துவிடு. புண்ணைச் சுற்றித் தேய்க்காதே. தேன், பவுடர், ஸ்பிரே எல்லாவற்றையும் நிறுத்து. அவை கெடுதல் என்பதால் இல்லை. எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டால் எது என்ன செய்தது என்று கடவுளாலும் சொல்ல முடியாது.

பார்சலில் ஃபோம் கட்டு பதினைந்து இருக்கிறது. சலைனில் கழுவி, ஒற்றி எடுத்து, இதை ஒட்டு. மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்று. ஊறி வெளியே வந்தால் முன்னாலேயே மாற்று. வேறு எதையும் சேர்க்காதே. முட்டை, பருப்பு, பால் எது இறங்குகிறதோ அதைக் கொடு.

இரண்டு அடுக்குப் பிளாஸ்டிக் தாள்களும் அழியாத மார்க்கரும் வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை தோறும், அம்மா இடது பக்கம் ஒருக்களித்திருக்கும்போது மட்டும் வரை. புண்ணில் பட்ட கீழ்த்தாளைக் குப்பையில் போட்டுவிட்டு மேல்தாளைக் கிராஃப் தாளில் வைத்துச் சதுரங்களை எண்ணு. நீ இயற்பியல் படித்தவள், சொல்லித்தர வேண்டியதில்லை.

சுவரில் ஓர் அட்டை ஒட்டி, புரட்டிய நேரத்தை டிக் செய். பகலிலும் இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

போனில் பேசியது பற்றி இப்போது எழுத வேண்டாம்.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தில் அன்புள்ள என்றோ என்னவென்றோ எதுவுமே இல்லாமல் "கடிதம் வந்தது" என்று ஆரம்பித்திருந்ததை மூன்று தடவை படித்தேன். மின்வாரியத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது. போகட்டும். நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன்.

தலையணையைத் திருப்பிக் கொடுக்க மாடிக்குப் போனபோது தையல்காரம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நடுவுல காத்தோட்டம் விட்டு எவ்வளவு பார்த்துத் தைச்சேன்" என்றார். உங்கள் நன்றியைச் சொன்னேன். நன்றியை வைத்துக்கொண்டு பஞ்சை மட்டும் திருப்பித் தரச் சொன்னார். அப்புறம் சிரித்துவிட்டார்.

அத்தையை வார்டு என்கிற பேச்சுக்கு மெல்லத் தயார் செய்யலாம் என்று பார்த்தேன். அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தவர், என் குரலிலேயே பிடித்துவிட்டார். "நீ ஏதோ டிரங்க் கால் போட்டு வச்சிருக்கே, லைன் கிடைக்கட்டும், அப்ப பேசு" என்றார். புரட்டும்போது "லைன்ல இருங்க" என்று அவரே சொல்லிக்கொள்கிறார். புரட்டி முடித்ததும் "பேசுங்க" என்கிறார். குட்டி அதற்குச் சிரிக்கிறாள். எனக்குத்தான் பேச ஆள் இல்லை. மாடியில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் கொஞ்சம் தேவலாம் போல இருக்கும். எட்டு மணிக்கு அதுவும் நின்றுவிடும். உங்கள் தம்பி ஞாயிற்றுக்கிழமை பேசினார். எல்லாரும் சௌக்கியமா என்றார். சௌக்கியம் என்றேன். சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அழுதால் அங்கே அவருக்கு வேலை ஓடாது.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்தேன். மூன்று செவ்வாயும் வரைந்தேன், இடது பக்கம் மட்டும். பத்தாம் தேதி இருபத்துநான்கு சதுரம். பதினேழாம் தேதி இருபது. இன்று பதினாறு. மூன்று தாளையும் வைத்திருக்கிறேன். இப்படியே போனால் பதினைந்தாம் தேதிக்குள் நான்கோ ஐந்தோ ஆகிவிடும் இல்லையா? டாக்டர் ஆபரேஷன் பேச்சையே எடுக்க மாட்டார். அட்டையிலும் ஒரு டிக் விடவில்லை, பாருங்கள், அதையும் ஒரு நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய கட்டு கைகண்ட மருந்து அண்ணி. உங்கள் ஆபீசில் இதையே எழுதிவிடலாம். நான் கவனிக்காதவள் இல்லை என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


மார்ச் 29

குட்டியின் அம்மாவுக்கு,

மின்வாரியம் என்று எழுதியதைப் படித்துச் சிரித்தேன். ரொம்ப நாளாகிறது சிரித்து.

இனி எழுதப்போவது உனக்குப் பிடிக்காது. பொறுமையாகப் படி.

என் மேஜையில் தினமும் இருபது முப்பது தாள் வந்து விழும். எல்லாம் யாரோ ஒருவரின் முதுகு, யாரோ ஒருவரின் குதிகால். முகம் தெரியாது, நம்பர் மட்டும். ஆறு வருஷமாக அந்த ஓரங்களைத்தான் பார்க்கிறேன். உன் மூன்று தாளையும் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. அம்மா என்பதால் எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று பக்கத்து மேஜைக்காரியிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன். அவள் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "இதை வரைஞ்சவங்களுக்கு இந்த நோயாளி மேல ரொம்பப் பாசம்" என்றாள்.

முதல் தாளில் இடது பக்கம் காது மடல் மாதிரி ஒரு வளைவு இருக்கிறது. மேலே பல் மாதிரி ஒரு நீட்டல். இரண்டாவதில் பல் இல்லை. மூன்றாவதில் காதும் இல்லை. பேனாவை எடுக்காமல் ஒரே வீச்சில் வட்டமாகப் போயிருக்கிறது. ஆறுகிற புண் அப்படி ஆறுவதில்லை. ஒரு பக்கம் நகரும், ஒரு பக்கம் பிடிவாதமாக அப்படியே நிற்கும். வாரத்துக்குச் சரியாக நான்கு சதுரம் குறையவும் குறையாது. உடம்பு அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது.

நீ பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை. எங்கள் ஆய்வில் கட்டுப் போடுகிறவர் வரையக் கூடாது என்று ஒரு விதி உண்டு. பெரிய டாக்டர்களுக்கும் அதுதான். தன் கையால் கட்டுப் போட்டவருக்கு ஓரம் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் தெரியும். இந்த விதியை உனக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் ஒரே ஆளாக இருக்கிறாயே என்று விட்டுவிட்டேன். அது என் தவறு.

வேறு யாரையாவது வரையச் சொல். கை நடுங்காதவராக இருக்க வேண்டும். என்ன கட்டு, எத்தனை நாள், போன வாரம் எவ்வளவு, எதையும் அவரிடம் சொல்லாதே. டாக்டர் பார்க்கிறபோது தாளும் புண்ணும் வேறு வேறாக இருந்தால் அவர் தாளை நம்ப மாட்டார், உன்னையும் நம்ப மாட்டார். வார்டுக்கு எழுதிவிடுவார்.

அட்டையின் நகலைப் பற்றி அடுத்த கடிதத்தில் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 4

அண்ணி,

உங்கள் கடிதம் வந்த அன்று அதைக் கிழிக்கப் போனேன். குட்டி பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள், அதனால் தப்பியது. ஒரு மூலையில் ஈரமாகவே இருக்கிறது.

நாலு நாள் யாரையும் கூப்பிடவில்லை. யாரைக் கூப்பிடுவது? ஒரு கட்டத்தில் நானே கண்ணை மூடிக்கொண்டு வரையலாமா என்றுகூட யோசித்தேன், அவ்வளவு புத்தி. அப்புறம் மெஷின் சத்தம் கேட்டது. தையல்காரம்மா முப்பது வருஷமாகத் துணியில் கோடு போடுகிறவர். தலையணைச் சண்டை வேறு இருக்கிறது, எனக்காகக் குறைத்துப் போட மாட்டார். இன்று சனிக்கிழமை, உங்கள் செவ்வாய்க் கணக்குக்கு ஒத்துவராது, ஆனால் இன்றுதான் அவருக்கு ஒழிந்தது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். அத்தையிடம், "அளவெடுக்க வந்திருக்கேன், அசையாம இருக்கணும்" என்றார். அத்தை, "கழுத்தை இறக்கமா வச்சுடாதே" என்றார். கட்டைப் பிரித்தேன். கண்ணாடியை மூக்கில் தள்ளி, ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று, காது, பல் எல்லாம் விடாமல் வரைந்தார். அவர் போன பிறகு எண்ணினேன். இருபத்தேழு.

திரும்ப எண்ணினேன். இருபத்தேழுதான்.

சொல்லிவிடுகிறேன். பதினேழாம் தேதி ஓரத்தில் வெளுப்பாக ஒரு விளிம்பு இருந்தது. புதுத் தோல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதற்கு உள்ளே வரைந்தேன். அன்றைக்கு நிஜமாகவே நம்பினேன் என்று நினைக்கிறேன். இருபத்துநான்காம் தேதி நம்பவில்லை. கை தானாகப் போயிற்று என்று சொல்லலாம், ஆனால் போகும்போது பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலேஜில் ஊசல் பரிசோதனையில் விடை எவ்வளவு வர வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த விடையிலிருந்து பின்னால் போய் ரீடிங் எழுதுவோம். நேர்கோடாக விழுந்தால் முழு மார்க். அந்தப் பழக்கம்தான். நீங்கள் பார்க்கப் போகிறீர்கள், சின்னதாக இல்லாவிட்டால் கவனிக்கவில்லை என்பீர்கள். அத்தையைக் காப்பாற்றவா வரைந்தேன், என்னைக் காப்பாற்றவா?

அட்டையைப் பற்றிக் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் புரட்டுவேன். காலை ஆறு மணிக்குப் புரட்டுவேன். நடுவில் இருக்கிற இரண்டும் நான்கும் பாதி நாள் கிடையாது. குட்டிக்குப் பல் முளைக்கிறது. பால் கொடுக்க உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். அலாரம் அடிப்பது அத்தைக்குக் கேட்கிறது. எழுப்ப மாட்டார். காலையில் எல்லாக் கட்டத்திலும் சேர்த்து டிக் போட்டுவிடுவேன்.

ஆக ஃபோம் கட்டு நல்லதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆறு மணி நேரம் ஒரே எலும்பின் மேல் படுத்திருப்பவருக்கு எதைப் போட்டு என்ன? குட்டி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வயிற்றில் தையலோடு என்னால் குனிய முடியவில்லை, பத்து நாள் சரியாகப் புரட்டவில்லை. அதில்தான் இந்தப் புண்ணே வந்தது. அப்போதும் நான்தான், இப்போதும் நான்தான். போனில் நீங்கள் சொன்னது சரி.

தாளை வைத்திருக்கிறேன். இதில் பாசம் கிடையாது.


ஏப்ரல் 10

அம்மாடி,

உன் கடிதத்தை ஆபீசில் படிக்க முடியவில்லை. அறைக்குக் கொண்டுவந்து படித்தேன். இங்கே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் சுவர். நாற்காலியில் என் துணிகள் உட்கார்ந்திருக்கும், நான் கட்டிலில். இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் வேலை. அட்டையைப் பார்த்த அன்றே தெரியும். எல்லா டிக்கும் ஒரே சாய்வு, ஒரே மை. எங்கள் வார்டுகளிலிருந்து வருகிற அட்டைகளில் பாதி அப்படித்தான். எந்தக் கட்டு நல்லது என்று கேட்டாய். மூன்று விதக் கட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்ததில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் அடித்துச் சொல்கிற வித்தியாசம் தெரியவில்லை. ஒருவேளை இருக்கலாம், ராத்திரி புரட்டாதது அதை மறைத்துக்கொண்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உனக்கு ஒரு பெட்டி அனுப்பினேன். அது தீர்ந்ததும் சலைனில் நனைத்த காஸ் துணி, அந்த மெல்லிய வலைத்துணி போதும். காய விடாமல் மாற்றிக்கொண்டிரு. மிச்ச பலத்தை எல்லாம் புரட்டுவதில் போடு.

இனி மற்றது.

நீ பிரசவத்துக்குப் போன பன்னிரண்டு நாளும் அம்மாவை நான் பார்த்துக்கொண்டேன். ஆபீஸ் அறிக்கை ஒன்று முடிக்க வேண்டியிருந்தது. அம்மாவைச் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு நான் லேப்டாப்பைத் திறந்தால், நிமிரும்போது நான்கு மணி நேரம் போயிருக்கும். அம்மா கூப்பிட மாட்டாள். அவளுக்குத்தான் வலி இல்லையே. இரண்டு மூன்று நாள் இல்லை, தினமும்.

பதினோராம் நாள் சாயங்காலம் உடம்பு துடைக்கும்போது வால் எலும்புக்கு மேலே ஒரு சிவப்பு. கட்டை விரலால் அழுத்தினேன். நல்ல தோலாக இருந்தால் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்கும். இது வெளுக்கவில்லை. அதற்கு என்ன பெயர், எத்தனையாவது நிலை, என்ன செய்ய வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தோல் இன்னும் உடையவில்லை. அன்றைக்கே ஆரம்பித்துச் சரியாகப் புரட்டினால் அனேகமாகப் போயிருக்கும்.

மறுநாள் நீ குழந்தையோடு வந்தாய். வாசற்படியை மெல்ல மெல்லத் தாண்டினாய், முகமெல்லாம் சிரிப்பு. உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நின்றேன். என்னவென்று சொல்வேன்? நான் இந்த வேலையில் இருப்பவள், என் கையில் வந்தது என்றா? ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். ஊர் போய்ப் போன் செய்யலாம் என்று நினைத்தேன். நாள் போகப் போக அது சொல்ல முடியாததாக ஆகிவிட்டது. ஆகஸ்டில் நீ போன் செய்து தோல் உரிந்திருக்கிறது என்றபோது, அப்படியா, எப்போதிலிருந்து என்று கேட்டேன். நானே கேட்டேன்.

பிப்ரவரியில் அந்த வாக்கியத்தையும் சொன்னேன். யாரை நினைத்துக்கொண்டு சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். நீதான் வாங்கிக்கொண்டாய்.

உன் தையல் காரணம் இல்லை. என்னை மன்னிக்க முடியுமா என்று எழுது. முடியாது என்றாலும் எழுது.

அக்கா


ஏப்ரல் 26

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் பதினான்காம் தேதி வந்தது. பன்னிரண்டு நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம் நேரமில்லாதது மட்டும் இல்லை.

மறுநாள் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. தையல்காரம்மா வரைந்த இரண்டு தாளையும் கொண்டுபோனேன், நான் வரைந்ததையும் கொண்டுபோய் இது தப்பு என்று சொன்னேன். நாலாம் தேதி இருபத்தேழு, பதினொன்றாம் தேதி இருபத்தாறு. டாக்டர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தப்பான தாளைக் கொண்டுவந்து தப்பு என்று சொன்ன ஆள் இதுவரை வந்ததில்லை என்றார். இந்த அளவோடு ஆபரேஷன் வேண்டாம், இதயத்தை நம்ப முடியவில்லை, இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. "ராத்திரி புரட்ட ரெண்டாவது ஆள் இருந்தா வீடு. இல்லைன்னா வார்டு. மே பத்துக்குள்ள சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து மூன்று நாள் அத்தையோடு நான் பேசவில்லை. கழுவினேன், புரட்டினேன், ஊட்டினேன். வாய் மட்டும் திறக்கவில்லை. உங்கள் மேல் இருந்த கோபத்துக்குப் பக்கத்தில் கிடைத்தவர் அவர்தான். மூன்றாம் நாள் அவரே, "என்ன, லைன் டெட்டா இருக்கு?" என்றார். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டினேன், முழுவதும்.

முழுவதும் கேட்டார். அப்புறம் சொன்னார், "எனக்குத் தெரியும்."

அங்கேதான் உணர்ச்சியே கிடையாதே, எப்படித் தெரியும் என்றேன்.

"துடைச்சுக்கிட்டே பேசிட்டிருந்தா. திடீர்னு பேச்சு நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு. முப்பது வருஷம் காதை வச்சுப் பொழச்சவ நான். அந்தப் பக்கம் ஆள் இருந்தும் பேச்சு வரலைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எட்டு மாதமாக நான் என் தையலைத் திட்டிக்கொண்டிருந்தது இந்தக் காதுக்குக் கேட்கவில்லையா என்றும் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன், குட்டி எழுந்து அழுதாள்.

அத்தை, "அவ என் பொண்ணு. நீ தாங்கிப்பேன்னு நினைச்சேன்" என்றார்.

எழுந்து பின்கட்டுக்குப் போய், ஏற்கெனவே துவைத்த துணியைத் திரும்பத் துவைத்தேன். இந்த வீட்டில் இத்தனை நாள் தனியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அண்ணி. தனியாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. தெரிந்த இரண்டு பேர் இரண்டு பக்கமும் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் நான் மட்டும் ராத்திரி எழுந்து என்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இதை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. நாலு மணிக்குப் புரட்டும் நேரம் வந்தது. உள்ளே போனேன். அத்தை "லைன்ல இருங்க" என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு விடுவித்துக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. புரட்ட இரண்டு கையும் வேண்டுமே, அதனால் விடுவித்துக்கொண்டேன்.

உங்கள் தம்பிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கப்பல் கரைக்கு வர இன்னும் மூன்று மாதம் ஆகுமாம்.

ராத்திரி இரண்டு மணி, நான்கு மணி முறைகளுக்குத் தையல்காரம்மா ஒரு வாரம் கீழே வந்தார். ஒரு நாளும் தவறவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருநூறு சீருடை தைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். பகலெல்லாம் மெஷினில் குனிந்துவிட்டு ராத்திரி கண் விழிக்க அவராலும் முடியவில்லை. நேற்று வரைந்துவிட்டுப் போனார், சனிக்கிழமை இடது பக்கம்தான். இருபத்துநான்கு. காது அப்படியே இருக்கிறது, மேலே இருந்த பல் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. கட்டு வெறும் காஸ் துணிதான். எது ஆற்றியது என்று உங்கள் ஆபீஸ் கேட்டால் எனக்குத் தெரியாது என்று எழுதுங்கள். அந்த ஒரு வாரம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் ஆள் இருந்தது என்று மட்டும் எழுதலாம்.

மன்னிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தெரியவில்லை. முடியும் என்று இப்போது எழுதினால் அது விடையைப் பார்த்துப் போட்ட ரீடிங்காகத்தான் இருக்கும். ஒரு நாள் காலையில் உங்கள் மேல் கோபமே இல்லை போல இருக்கிறது, மத்தியானம் கட்டைப் பிரிக்கும்போது திரும்ப வந்துவிடுகிறது. அது தன் வேகத்தில் போகட்டும்.

ஆனால் மே பத்துக்குள் எனக்கு இரண்டாவது ஆள் வேண்டும். பன்னிரண்டும் ஆறும் நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டும் நான்கும் நீங்கள். ஆறு வாரம் லீவு போட்டுக்கொண்டு வாருங்கள், குட்டியின் தொட்டிலை என் அறைக்கு மாற்றிவிட்டு அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் உங்களுக்குப் பாய் போடுகிறேன். அத்தையிடம் இதைச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச வேண்டியதை நீங்கள் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம், பேசாமலும் இருக்கலாம்.

வர முடியாது என்றால் வார்டுக்குக் கையெழுத்துப் போட நான் தனியாகத்தான் போக வேண்டும். அதனால் வருகிறீர்களா, எந்தத் தேதியில் என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.